காப்பாளர் ஊதியம்

மைனரின் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் அமர்த்துபவருக்கு அந்தச் சொத்திலிருந்தே தரப்படும் தொகை காப்பாளர் ஊதியம். கொடுக்கலாமா, கூடாதா என்றே இதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி, யார் அளந்து கொடுக்கிறார்கள், எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது. இடைக்கால இங்கிலாந்தில் போர்ச்சேவைக்காக நிலம் பெற்றவர் இறந்தால், வாரிசுக்கு வயது வரும்வரை விளைச்சலும் குத்தகையும் மேல்பிரபுவுக்கே போயின. அவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அந்த உரிமையை இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். நிலத்தைப் பாழாக்காமல் நியாயமான வருமானத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்று 1215-இன் மாக்னா கார்ட்டா எழுதிவைக்க நேர்ந்ததே, வேலி பயிரை மேய்ந்ததற்குச் சாட்சி. 1540-இல் எட்டாம் ஹென்றி இதற்கெனத் தனி நீதிமன்றமே அமைத்து அரசு வருமானமாக்கினார். 1660-இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அதே நாட்டில், போர்ச்சேவைக் கடன் இல்லாத நிலங்களுக்கு, அச்சொத்து தன் கைக்கு வர வழியில்லாத நெருங்கிய உறவினரே காப்பாளரானார். 1267-இன் மார்ல்பரோ சட்டப்படி அவர் வாரிசுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

பின்னர் சான்சரி நீதிமன்றம் மறுகோடிக்குப் போனது. பிறர் சொத்தை நிர்வகிப்பவர் தன் சிரமத்துக்குக் கூலி கேட்க முடியாது என்று 1734-இல் ராபின்சன் - பெட் வழக்கில் தீர்ப்பானது. கூலியின் பெயரால் சொத்தே கரைந்துவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். இந்தியாவின் 1890 காப்பாளர் சட்டம் அந்த அச்சத்தை மதித்தும் வேறு வழியில் சென்றது. பதவியால் லாபம் அடையக் கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. கவனத்துக்கும் உழைப்புக்கும் நீதிமன்றம் தக்கதென நினைத்தால் ஒரு படி தரலாம் என்கிறது 22-ஆம் பிரிவு. லாபத்தையும் ஊதியத்தையும் இப்படிப் பிரித்ததுதான் அச்சட்டத்தின் பலம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூலியா என்று மனம் கூசுவது இயல்பே. ஆனால் வாடகை வசூலித்து, வழக்குக்கு அலைந்து, தன் வேலையை இழக்கும் சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லை என்றால், நல்லவர் பொறுப்பேற்கத் தயங்குவார். மற்றவர் கணக்கில் வராமல் எடுத்துக்கொள்வார். சிறிய சொத்தை ஊதியமே தின்றுவிடும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதனால்தான் படி கட்டாயமல்ல. நீதிமன்றம் எதுவும் தராமலும் விடலாம். அது கேட்டால், காப்பாளர் பொறுப்பேற்ற 6 மாதத்துக்குள் நிலம், ரொக்கம், பிற அசையும் பொருள்கள், கடன் அனைத்தையும் பட்டியலிட்டுத் தர வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு. எவ்வளவு படி தாங்கும் என்பதை அந்தப் பட்டியலை வைத்தே நீதிபதி கணிக்க முடியும்.