தீபா கர்மாகரும் புரொடுனோவாத் தாண்டலும்

ஒரு கலையில் ஒருவர் அடைந்த உயர்வை அளக்கும்போது, அவர் ஏறிநின்ற படியை மட்டும் நோக்குதல் போதாது. எந்தப் படியிலிருந்து ஏறத் தொடங்கினார் என்பதையும் நோக்குதல் வேண்டும். பதக்கப் பட்டியல்கள் முன்னதையே கூறும். பின்னதை எடுத்துரைத்தல் வரலாற்றின் கடன். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் நாள் பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரில் நான்காம் இடம் பெற்று, பதக்கமின்றித் தாயகம் திரும்பிய தீபா கர்மாகர் என்னும் இந்திய வீராங்கனையின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

சீருடற்பயிற்சி என்று தமிழில் வழங்கும் ஜிம்னாஸ்டிக் கலையின் பெண்கள் பிரிவில் நெடுங்காலம் முதன்மை வகித்த நாடு சோவியத்து ஒன்றியம். 1952இல் ஹெல்சிங்கி நகரில் முதன்முறையாக ஒலிம்பிக்கிற் பங்குபற்றிய அந்நாடு, அவ்வாண்டிலேயே பெண்கள் குழுப்போட்டியில் தங்கம் வென்றது. அன்று முதல் 1980 வரை நிகழ்ந்த எட்டு ஒலிம்பிக்குகளிலும் அப்பரிசு பிறர் கைக்குச் செல்லவில்லை. உக்ரேனின் கேர்சன் நகரிற் பிறந்த லறீசா லத்தினீனா 1956, 1960, 1964 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்குகளில் ஒன்பது தங்கம் உட்படப் பதினெட்டுப் பதக்கங்களைப் பெற்றார். எத்துறையினராயினும் அத்தொகையை 2012 வரை எவரும் கடந்திலர். இத்துணைப் பெருவெற்றி தனியொருவரின் திறமையால் மட்டும் விளைந்ததன்று. அரசே நடத்திய விளையாட்டுப் பாடசாலைகளும், இளமையிலேயே திறனறிந்து தெரிந்தெடுக்கும் முறையும், அத்தொழிலையே வாழ்வாகக் கொண்ட பயிற்றுநர்களும் அதற்கு அடித்தளமாயிருந்தனர்.

இந்தியாவின் நிலை இதனின் முற்றும் வேறானது. 1952 முதல் 1964 வரை பதினோர் ஆடவர் அந்நாட்டின் சார்பில் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கிற் கலந்துகொண்டனர். அதன் பின்னர் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் எவரும் சென்றிலர். பெண்களோ ஒருபொழுதும் சென்றதில்லை. அந்நெடிய இடைவெளியை நிரப்பியவர் தலைநகரிலோ பெருநகரிலோ தோன்றவில்லை. மூன்று பக்கமும் வங்காளதேச எல்லையால் சூழப்பெற்ற திரிபுரா மாநிலத்தின் அகர்தலாவில், 1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் தீபா பிறந்தார். அவ்வூரில் இக்கலைக்கு விதையிட்டவர் 1960களில் அங்கு வந்த பயிற்றுநர் தலிப் சிங். அவ்வூரின் மொண்டு தேப்நாத் 1975இல் அருச்சுனா விருது பெற்றார். ஆகவே தீபாவின் எழுச்சி வெறுநிலத்தில் முளைத்த தனிச்செடியன்று; சிறிதெனினும் தொடர்ச்சியுள்ள ஒரு மரபின் கனியாகும்.

தீபாவின் தந்தையார் பாரந்தூக்கற் பயிற்றுநர். ஆறாம் வயதிற் பயிற்சியில் ஈடுபட்ட தீபாவுக்கு முதற்றடையாயிருந்தவை அவருடைய பாதங்களே. உள்வளைவற்ற தட்டைப் பாதங்கள் ஓடுதற்கும் உந்தியெழுதற்கும் ஊறு செய்வன. சோமா நந்தி, பிஸ்வேஸ்வர் நந்தி என்னும் கணவன் மனைவியர் இக்குறையைப் பொறுமையுடன் பயிற்சியாற் சீர்செய்தனர். பழைய ஸ்கூட்டர் வண்டிகளின் உதிரிப் பாகங்களைக் கொண்டமைத்த கருவியிலும் அவர் பயின்றார் என்பது பத்திரிகைகள் பலவும் எடுத்துரைத்த செய்தி.

அவருடைய பெயரோடு பிரிக்கவொண்ணாதவாறு இணைந்துவிட்டது புரொடுனோவாத் தாண்டல். சோவியத்து ஆட்சிக் காலத்தில், 1980இல், றொஸ்தோவ் நகரிற் பிறந்த யெலேனா புரொடுனோவா 1999இல் இதனை நிகழ்த்திக் காட்டியமையால் இப்பெயர் பெற்றது. விரைந்து ஓடிவந்து, உந்துபலகையை மிதித்தெழுந்து, தாண்டுமேசையிற் கைகளை ஊன்றி, வானிலே முன்னோக்கி இருமுறை குட்டிக்கரணமிட்டு நிலத்தில் நிற்றல் வேண்டும். முன்னோக்கிச் சுழல்வதால், காலூன்றும் நிலம் கண்ணுக்குப் புலப்படாது. சுழற்சி சிறிது குறையினும் தலையோ கழுத்தோ நிலத்தில் மோதும். இதனை மரணத் தாண்டல் என்று பலர் வழங்கியது இதுபற்றியே.

இத்துணை இடர்மிக்க செயலைத் தீபா மேற்கொண்டது ஏன்? புள்ளியிடும் முறையிலேயே விடை உளது. செயலின் கடினத்துக்கு ஒரு புள்ளியும், அதைச் செய்த செம்மைக்கு மற்றொரு புள்ளியும் இட்டு இரண்டையும் கூட்டுவர். செம்மை என்பது நல்ல கருவிகளாலும் நெடுங்காலப் பயிற்சியாலும் வருவது. அவ்வசதியிற் குறைந்தோர் கடினப்புள்ளியையே நாட வேண்டியவராயினர். அந்நாளிற் பெண்களுக்குரிய தாண்டல்களுள் மிக உயர்ந்த கடினப்புள்ளியான 7.0 இத்தாண்டலுக்கு உரியதாயிருந்தது. இதனைக் கொண்டே 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் அவர் வெண்கலம் வென்றார். 2015 உலகப் போட்டியில் ஐந்தாம் இடத்தை எய்தினார். 2016 ஏப்பிரிலில் ஒலிம்பிக் தகுதி பெற்று, அத்தகுதியை அடைந்த முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையானார்.

றியோ இறுதிப் போட்டியில் எண்மர் பங்குபற்றினர். தீபாவின் முதற்றாண்டலுக்கு 14.866 புள்ளிகள் கிடைத்தன. அடுத்துப் புரொடுனோவாவை நிகழ்த்தி, மிகத் தாழ்ந்து குந்திய நிலையில் நிலந்தொட்டு, எழுந்து நின்றார், 15.266 புள்ளிகள் பெற்றார். இரண்டின் சராசரி 15.066. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் தங்கமும், ரஷ்யாவின் மரியா பசேக்கா வெள்ளியும் பெற, சுவிற்சர்லாந்தின் ஜூலியா ஸ்ரைன்குறூபர் 15.216 புள்ளிகளோடு வெண்கலத்தைப் பெற்றார். தீபாவுக்கும் பதக்கத்துக்கும் இடையில் நின்றது 0.150 புள்ளி மட்டுமே.

அதே அரங்கில் அதே புரொடுனோவாவை முயன்று நிலைதவறியவர் மற்றொருவரும் இருந்தார். அவர் உஸ்பெக்கிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா, வயது நாற்பத்தொன்று. 1991இல் சோவியத்து ஒன்றியத்தின் சார்பில் உலகப் போட்டியிற் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு பார்சிலோனாவில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற குழுவில் இடம்பெற்றவர். மகனின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஜேர்மனிக்குச் சென்று, பின்னர் அந்நாட்டின் சார்பில் 2008இல் வெள்ளியும் பெற்றவர். சோவியத்துப் பள்ளியில் உருவான அம்மூதாட்டியனைய வீராங்கனை ஏழாம் இடத்தையும், அகர்தலாவின் இளநங்கை நான்காம் இடத்தையும் அடைந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. துணிவு ஒரு நாட்டுக்கோ ஓர் அமைப்புக்கோ தனியுடைமையன்று என்பதை அந்நாள் காட்டிற்று. ஆயினும் வசதியின் குறையை உயிரின் இடரால் ஈடுசெய்யும் நிலை ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்ததை எண்ணாது, துணிவை மட்டும் புகழ்தல் முறையன்று.

பரிசுகள் பின்னர்க் குவிந்தன. அவ்வாண்டே கேல் ரத்னா விருதும், 2017இற் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பெற்றன. அன்பளிப்பாகக் கிடைத்த சொகுசு மோட்டார் வாகனம் அகர்தலாவின் வீதிகளுக்கு ஒவ்வாமையால் அதற்கு ஈடான வேறு ஏற்பாட்டை நாட வேண்டியதாயிற்று. தோளளவு உயர்த்திய கைகள் வீதியைச் சீர்செய்ய நீளவில்லை என்பதை இச்சிறு நிகழ்ச்சி உணர்த்தும். 2017இல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட அவர், 2018இல் துருக்கியின் மெர்சின் நகரில் உலகக் கிண்ணத் தொடர்ப் போட்டியிற் தங்கம் வென்றார். 2021இல் எடுத்த சோதனையிற் தடைசெய்யப்பட்ட பொருளொன்று காணப்பட்டமையால் இருபத்தொரு மாதத் தடை விதிக்கப்பட்டது. அதனைத் தாம் அறியாது உட்கொண்டதாக அவர் கூறினார். தடை 2023 யூலையில் நீங்கிற்று. வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தலும் கூடாது. இதனாலேயே அவருடைய உழைப்பு முழுவதையும் அழித்தலும் கூடாது.

2024 மே மாதம் தாஷ்கண்டில், முப்பதாம் வயதில், ஆசியப் போட்டியின் தாண்டலில் அவர் தங்கம் வென்றார். அப்போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் தங்கம் அதுவே. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் ஓய்வை அறிவித்தார்.

இலங்கையிலிருந்தும் இக்கலையில் ஒலிம்பிக் அரங்கை முதன்முதல் மிதித்தவர் ஒரு பெண்ணே. மில்கா கெஹானி 2021இல் ரோக்கியோவில் அப்பெருமையைப் பெற்றார். தலைநகருக்குச் சேய்மையிலுள்ள திருகோணமலை போன்ற ஊர்களின் பாடசாலைகளிலும் தாண்டும் ஆற்றலுடைய சிறுமியர் உளர். அவர்களுக்கு வேண்டுவது இரண்டு: குறையை அறிந்தும் கைவிடாத ஓர் ஆசிரியர், விழுந்தால் தாங்கும் ஒரு மெத்தை. முன்னதை அகர்தலா தந்தது. பின்னதைக் காலத்தே தருவது சமுதாயத்தின் கடமை.