ராஜநாயக்கனுக்குக் கிடைக்காத கிண்ணம்

"கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார்?" இந்தக் கேள்விக்கு நம் ஆலயங்களில் வழக்கமான பதில் ஒன்று உண்டு. காத்திரு, ஜெபம் பண்ணு, உன் விசுவாசத்தைச் சோதிக்கிறார், ஏற்ற காலத்தில் இளைப்பாறுதல் தருவார். சேரியிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். ஆனால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால், அந்த மௌனத்தில் பெரும்பகுதி கடவுளுடையது அல்ல என்று தெரிகிறது. மனிதர்கள் கூடிப் பேசி முடிவெடுத்து உண்டாக்கிய மௌனம் அது.

சிதம்பரத்திலிருந்தே தொடங்குவோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்த திருநாளைப்போவார் தில்லையின் எல்லைக்கு வந்து, உள்ளே போக முடியாமல் நிற்கிறார். அங்கே கடவுள் மௌனமாக இல்லை. கனவில் வந்து பேசுகிறார். தீயில் இறங்கி வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர்களின் கனவிலும் தோன்றி, தீ மூட்டச் சொல்கிறார். நந்தனை அப்படியே உள்ளே விடுங்கள் என்று மட்டும் யார் கனவிலும் சொல்லவில்லை. இதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். அவர் மதம் மாறவில்லை. நந்தன் எரிந்த ஊரில் நந்தன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தீயைக் காட்டிய கடவுளுக்கு இதைவிட நல்ல பதிலை நாம் அறியோம்.

மதில் இல்லாத மதம் என்று நம்பி வந்தவர்கள் கதைக்கு வருவோம்.

1717இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள் கடலூரில் பள்ளி ஆரம்பித்தார்கள். அதன் வழியாக வந்தவர் கடலூர் வணிகக் குடும்பத்து ஆறுமுகம். 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. புராட்டஸ்டன்ட் சபையில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று இன்றும் கடலூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்கு இன்னொருவர் பெயரும் பேசப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

அவர் ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாய். பறையர். கத்தோலிக்கராக இருந்தவர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் புத்தகத்தைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்தார். பழைய சபைக்காரர்களின் பகையால் அவர் குடும்பமே தாக்கப்பட்டது. அப்படியும் பின்வாங்காமல் உபதேசியாராகத் தஞ்சைச் சீமையில் உழைத்தார். அவருடைய தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகமே கிடையாது. அவர்களுடைய தயக்கம் வேறு. பறையர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தத் திருவிருந்தையே மதிக்காமல் போவார்கள் என்று பயந்தார்கள். இது எதிரிகள் சுமத்திய பழி அல்ல, மிஷனரிகளே எழுதி வைத்த காரணம். 1741இல் தியோகு என்பவர் இரண்டாவது குருவானார். அப்போதும் ராஜநாயக்கன் இல்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்து, உபதேசியாராகவே 1771இல் இறந்தார்.

ஆரோன் மீது நமக்குக் குறை ஒன்றும் இல்லை. அவரும் கடைசிவரை உழைத்து 1745இல் இறந்தார். நம் கேள்வி வேறு. கிண்ணத்தைத் தூக்க விடாத சபையில் அந்த மனிதர் எப்படி 40 ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்? பொறுமை என்று சொல்லி இதைப் புனிதமாக்க வேண்டாம். ராஜநாயக்கனின் பொறுமையால் லாபம் அடைந்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் அவர் விசுவாசம் பொய் என்றும் நம்மால் சொல்ல முடியாது. வேதாகமத்திலேயே 88ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் ஏதாவது ஒரு நம்பிக்கைக்குத் திரும்பும். அது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துப் பிரசங்கம் பண்ணி நாங்கள் கேட்டதில்லை.

கிட்டத்தட்ட 100 ஆண்டுகள் கழித்து இதே சண்டை மறுபடியும் வந்தது. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல், சாதி என்பது சமூக வழக்கம், உடனே ஒழிக்க வேண்டியதில்லை என்ற கட்சி. மிஷனரி கார்ல் ஓக்ஸ் அதை ஏற்காமல் வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் புதிய நிலையத்தை உண்டாக்கினார். டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அதுதான். ஓக்ஸை மீட்பராக்குவது நம் நோக்கம் அல்ல. ஒரு வெள்ளைக்காரர் போட்ட சண்டைக்கு முன்னால், அந்த வேறுபாட்டைத் தினமும் உடம்பில் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர்தான் ஏட்டில் இல்லை.

இளைப்பாறுதல் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமை சுமப்பவர்களைக் கூப்பிட்டு இளைப்பாறுதல் தருவதாக இயேசு சொன்னதை மன அமைதி என்று சுருக்கிவிட்டார்கள். பண்ணையாளாக இருந்த நம் பாட்டன்மாருக்கு அது கூலிப் பிரச்சினை. நடவு நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவர்களுக்கு ஏது? ஆண்டையிடம் வாரத்தில் ஒரு நாள் கேட்பதே கலகம். களப்பணிக்குப் போன ஊர் ஒன்றில் ஒரு பாட்டியிடம், சாமி பதிலே சொல்லவில்லையே, பிறகு ஏன் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டோம். "அங்க ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கலாம்யா, யாரும் வேலைக்கு எழுப்ப மாட்டாங்க" என்றார். இறையியல் புத்தகங்களைவிட இது எங்களுக்கு விளங்கியது.

அரசின் மௌனம் இன்னும் நீண்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. மதத்தைப் பார்க்காமல் கொடுங்கள் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2004இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இருக்கும்போதே, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். இதற்கு நடுவில் நம் பிள்ளைகள் தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயரும் ஆலயத்தில் ஒரு பெயருமாக வளர்கிறார்கள். ஊரில் ஆணவக்காரன் அடிக்கும்போது எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரே அடிதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போனால், முதலில் எடுத்துப் பார்ப்பது சாதிச் சான்றிதழைத்தான்.