போர்முனை உளமருத்துவம்

போர்முனை உளமருத்துவம் என்பது, போரின் அதிர்ச்சியால் மனம் நிலைகுலைந்த வீரர்களைத் தொலைதூர மருத்துவமனைகளுக்கு அனுப்பாமல், களத்துக்கு அருகிலேயே சில நாள் சிகிச்சை அளித்துத் தம் படைப்பிரிவுக்குத் திருப்பி அனுப்பும் முறை. ஆள்பலத்தைக் காப்பதும் மருத்துவமனைகளின் சுமையைக் குறைப்பதும் இதன் நோக்கங்கள்.

தோற்றம்

முதல் உலகப் போரில் நடுக்கம், பேச்சிழப்பு, நினைவிழப்பு ஆகியவற்றோடு வந்த வீரர்களைப் பற்றி, 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் சார்லஸ் மையர்ஸ் 1915இல் 'லான்செட்' இதழில் எழுதினார். 1916ஆம் ஆண்டின் சோம் போரில் இத்தகையோர் ஆயிரக்கணக்கில் பெருகினர். பிரெஞ்சு மருத்துவர்கள் முன்பே கையாண்ட வழியில், அவ்வாண்டு டிசம்பரில் மையர்ஸின் முயற்சியால் பிரிட்டிஷ் படை களத்துக்கு அருகே நான்கு சிறப்பு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கப் படைக்கு இம்முறையைப் பரிந்துரைத்தவர் தாமஸ் சால்மன்.

சிகிச்சை முறை

அருகாமை, உடனடிக் கவனிப்பு, குணமாகித் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் இதன் அடிப்படைகள். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 1963இல் கென்னத் ஆர்டிஸ் 'பை' (PIE) எனப் பெயரிட்டார். வீரருக்குத் தூக்கம், சூடான உணவு, குளியல், மாற்றுடை தரப்படும். நடந்ததைப் பேச இடமளிக்கப்படும். நோயாளியாக நடத்தாமல், களைத்துப்போன வீரராகவே நடத்துவார்கள்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அமெரிக்கப் படை இந்தப் பாடத்தை மறந்திருந்தது. துனீசியப் போரில் வெகுதொலைவு அனுப்பப்பட்டவர்களில் களம் திரும்பியோர் மிகச் சிலரே. 1943 ஏப்ரலில் தளபதி ஓமர் பிராட்லி, இத்தகையோரின் நிலையை முதலில் 'களைப்பு' என்றே குறிக்கவும், அவர்களை ஏழு நாள் களத்தருகிலேயே வைத்துக் கவனிக்கவும் ஆணையிட்டார்.

மதிப்பீடு

1982ஆம் ஆண்டின் லெபனான் போரில் பங்கேற்ற இஸ்ரேலிய வீரர்களை ஆராய்ந்த சஹாவா சாலமன் குழுவினர், களத்தருகே சிகிச்சை பெற்றோரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு குறைவாக இருந்ததைக் கண்டனர். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. பிரிட்டிஷ் ஆவணங்களை ஆய்ந்த எட்கர் ஜோன்ஸ், சைமன் வெஸ்லி இருவரும் 2003இல் மாற்றுக் கருத்தை முன்வைத்தனர். பழைய அறிக்கைகளின் வெற்றிக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது, திரும்பியவர்களில் பலர் சண்டையிடாத பணிகளுக்கே சென்றனர் என்பது அவர்கள் முடிவு.

படையின் தேவையும் வீரரின் நலமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. களத்துக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இச்சிகிச்சையின் பயனை அளவிட முடியாது. போருக்குப் பிந்தைய நீண்டகாலக் கவனிப்புக்கு இது மாற்றும் ஆகாது.