மேலிடத்துக்குப் போகாத செய்தி

பலதுறை மருந்தகத்தில் பதிவு செய்ய அடையாள அட்டையை நீட்டுகிறோம். அதிலுள்ள விவரங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? 2018 ஜூலை 20ஆம் தேதி சிங்கப்பூரில் பலரும் அதைக் கேட்டார்கள். சிங்ஹெல்த் குழுமத்தின் நோயாளிகள் 1.5 மில்லியன் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை திருடப்பட்டதாக அன்று அரசாங்கம் அறிவித்தது. சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் பறிபோயின. அவர்களில் ஒருவர் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்.

திருடர்கள் வந்தது திடீரென்று அல்ல. 2017 ஆகஸ்ட் மாதமே ஒரு கணினி வழியாக உள்ளே நுழைந்து, மாதக்கணக்கில் பதுங்கியிருந்தார்கள். நிர்வாகிக் கணக்கு ஒன்றின் மறைச்சொல் என்ன தெரியுமா? 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லேதான், ஓரிரு எழுத்துகளை மட்டும் மாற்றி! வீட்டுச் சாவியை வாசல் மிதியடிக்குக் கீழே வைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. 2017 தொடக்கத்தில் நடந்த உள்தணிக்கை இத்தகைய ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. அவை முழுமையாக அடைக்கப்படவில்லை.

ஆனால் மறைச்சொல்லைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. 2018 ஜூன் 11ஆம் தேதியிலிருந்தே, தரவுத்தளத்துக்குள் நுழைய யாரோ முயன்று தோற்பதைக் கணினிக் கட்டமைப்பை நடத்திய ஐஎச்ஐஎஸ் நிறுவன ஊழியர்கள் கவனித்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளவேண்டிய நிர்வாகியோ, மேலிடத்துக்குச் சொன்னால் கேள்விமேல் கேள்வி வரும், வேலைப்பளு கூடும் என்று தயங்கினார். தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும், விஷயம் தெரிந்தும் விசாரிக்கவில்லை. ஜூன் 27ஆம் தேதி திருட்டு தொடங்கியது. ஜூலை 4ஆம் தேதி தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான தேடல்களைக் கண்டு தடுத்து நிறுத்தினார். அப்போதும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10ஆம் தேதிதான். முதல் அறிகுறி தெரிந்து ஏறத்தாழ ஒரு மாதம்!

முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரி 10ஆம் தேதி வெளியானது. தாக்கியவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆயினும் இவர்களைத் தடுத்திருக்க முடியாது என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஊழியர்களுக்குப் போதிய விழிப்புணர்வும் பயிற்சியும் இல்லை, முக்கியப் பொறுப்பிலிருந்த சிலர் உரிய நேரத்தில் செயல்படவில்லை என்று குறைகண்டு, 16 பரிந்துரைகளை முன்வைத்தது. கருவிகள் வாங்குவது சுலபம். கெட்ட செய்தி சொல்பவரைக் கடிந்துகொள்ளாத மேலாளர் கிடைப்பதுதான் சிரமம்.

தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. ஐஎச்ஐஎஸ் இரு ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தது. அதன் தலைமை நிர்வாகி உள்பட ஐந்து மூத்த நிர்வாகிகள் அபராதம் கட்டினார்கள். விழிப்புடன் செயல்பட்ட மூவருக்கு மட்டும் பாராட்டுக் கடிதம் கிடைத்தது.