தாயம்: சேரும் உருட்டுகளும் விதிச் சச்சரவும்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் திண்ணைகளிலும் ஆடப்படும் தாயத்தில் சண்டை மூள்வது பெரும்பாலும் உருட்டுகள் சேரும்போதுதான். பித்தளைக் கட்டைகள் இரண்டிலும் வெற்றுப் பக்கம் விழுந்தால் 12. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். 5, 12, 3 என்று வரிசையாக விழுந்துவிட்டால், அவற்றை வெவ்வேறு காய்களுக்குப் பிரிக்கலாமா? நடுவில் ஒரு காயை வெட்டிவிட்டால், வெட்டியதற்கான கூடுதல் உருட்டு உடனே கிடைக்குமா, கையிலுள்ள எண்களைத் தீர்த்த பிறகா? வீட்டுக்கு வீடு பதில் மாறும். இதை அழுகுணி ஆட்டம் என்று ஒதுக்குவது தவறு. இரு தரப்பும் தாம் கற்ற விதியையே நேர்மையாகச் சொல்கிறார்கள்.

அச்சிட்ட விதிநூல் இருந்தால் தகராறே வராது என்பார்கள். நூல் உதவும், ஆனால் போதாது. எடுத்துக்காட்டாக, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2003 பதிப்பில், ஒருவர்மேல் உருமாற்ற மந்திரங்கள் அடுத்தடுத்து விழுந்தால் பொதுவாகக் கடைசி மந்திரமே செல்லும். முந்தையவை கலையாமல், பயனின்றி அடியில் கிடக்கும். அதன் வழிவந்த பாத்ஃபைண்டர் 2009இல் ஒரு நேரத்தில் ஒரே உருமாற்றம் என்றது. புதியதை ஏற்பதா என்பதைப் பாத்திரமே முடிவுசெய்யலாம். இரண்டும் தெளிவான விதிகள்தாம். ஆயினும் இரண்டையும் பழகியவர்கள் ஒரே மேசையில் அமர்ந்தால் வாதம் எழத்தான் செய்யும்.

ஆகவே எந்த விதி என்பதைக் கட்டம் வரையும்போதே பேசி முடிக்க வேண்டும். அப்போது யார் காயும் வெட்டுப்படும் நிலையில் இல்லை. நடு ஆட்டத்தில் கேள்வி முளைத்தால், இருவருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் தீர்ப்பைச் சொல்லி, அதை அந்த ஆட்டம் முடியும்வரை மாற்றாதிருப்பதே நியாயம்.