வானொலியில் கர்நாடக இசை

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. சபா வாசலை மிதிக்காதவர்களின் வீட்டுக்குள்ளும் கச்சேரி நுழைந்தது இவற்றின் வழியாகத்தான். கேரளத்தில் திருவனந்தபுரம், கோழிக்கோடு நிலையங்கள் முன்னோடிகள். கொச்சி நிலையம் 1989-இல் வந்தது. குருவாயூர் செம்பை சங்கீதோற்சவத்தின் பஞ்சரத்ன கீர்த்தனைகளை கொச்சியின் மட்டாஞ்சேரி வீடுகளிலும் நேரடியாகக் கேட்க முடிகிறது. திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கும் நேரடி அஞ்சல் உண்டு.

பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த 1952–62 காலம் முக்கியமானது. தேசிய இசை நிகழ்ச்சி 1952-இலும், வானொலி சங்கீத சம்மேளனம் 1954-இலும் தொடங்கின. செம்மங்குடி சீனிவாசய்யர் 1957 முதல் 1960 வரை சென்னை நிலையத்தில் கர்நாடக இசையின் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தார். சினிமாப் பாட்டைக் கேஸ்கர் ஒதுக்கியது மிகையே. ஆனால் சாஸ்திரிய இசைக்கு அவர் கொடுத்த நேரத்தை வணிக வானொலி எதுவும் கொடுத்ததில்லை.

வானொலியின் குரல் தேர்வில் பாடுபவரின் பெயர் மறைக்கப்படும். ஒலிப்பதிவு மட்டுமே தேர்வுக் குழுவின் காதுக்குப் போகும். தேறியவர்க்கு பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம். கச்சேரி அழைப்பிதழ்களில் 'ஏ-டாப் கலைஞர்' என்று அச்சிடும் பெருமை இன்றும் குறையவில்லை. ஹார்மோனியத்துக்கு மட்டும் 1940 முதல் சுமார் முப்பதாண்டுகள் தடை இருந்தது. கமகத்துக்கு ஒத்துவராது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஸ்டுடியோவில் ரசிகர் இல்லை, கைதட்டல் இல்லை, எதிரே கடிகாரம். அரை மணிக்குள் ஆலாபனை, கிருதி, நிரவல், தனி ஆவர்த்தனம் எல்லாம் அடங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டில் பிறந்த கச்சிதமான தோடிகளும் கல்யாணிகளும் நிலையங்களின் ஒலிநாடாக் காப்பகத்தில் உள்ளன. 2016 முதல் அகில இந்திய வானொலியின் 'ராகம்' அலைவரிசை 24 மணி நேரமும் சாஸ்திரிய இசையை ஒலிபரப்புகிறது.