நம் ஜில்லாவின் பெயரில் ஒரு நோய்

வியாதிக்கு ஊர்ப்பெயர் வைப்பது பழைய வழக்கம். கண் சிவந்து பீளை தள்ளினால் இன்றும் 'மெட்ராஸ் ஐ' என்றுதான் சொல்கிறோம். அதைப் போல, நம் ஜில்லாவின் பெயரைத் தாங்கி உலகத்து மருத்துவ நூல்களிலெல்லாம் இடம் பிடித்த ஒரு நோய் உண்டு. ஆங்கிலத்தில் அதை 'மதுரா ஃபுட்' என்பார்கள். பிரெஞ்சில் 'பியே த மதுரா'. தமிழில் மதுரைக் கால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மதுரையின் பெயருள்ள நோயை நம் ஜில்லா நோய் என்பானேன் என்று இளையவர்கள் கேட்கலாம். என் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1985 செப்டம்பர் 15-ம் தேதி திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி எல்லாம் மதுரை ஜில்லாதான். ஆகவே இந்தப் பெயரில் நமக்கும் பங்கு உண்டு.

1842-ல் மதுரை டிஸ்பென்சரியில் இருந்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்தப் பக்கத்து ஜனங்களின் பாதத்தில் வரும் ஒரு விசித்திரமான வீக்கத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். நான்கு வருஷம் கழித்து, 1846-ல், கோல்புரூக் என்பவர் அதை 'மதுரா ஃபுட்' என்றே குறிப்பிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. அதற்காக நோய் இங்கேதான் பிறந்தது என்று எண்ண வேண்டாம். சூடான், செனகல், மெக்ஸிகோ என்று வெயிலும் முள்ளும் உள்ள நாடுகளிலெல்லாம் அது இருக்கிறது. இங்கே பார்த்தவர் எழுதி வைத்தார், அவ்வளவுதான். வடமொழி வைத்திய நூலான சுஸ்ருத சம்ஹிதையிலேயே 'வல்மீகம்' என்று ஒரு நோய் சொல்லப்படுகிறது. வல்மீகம் என்றால் புற்று. கறையான் புற்றைப் போல மேடு கட்டிப் பல வாய்களோடு இருக்கும் புண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம்.

அடுத்து வருபவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்றும் 'கிரேஸ் அனாடமி' என்ற புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். 1858-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்குப் பெயர் கிரேயுடையது, அதன் படங்களை வரைந்த கை கார்ட்டருடையது. அதே வருஷம் அவர் கப்பலேறி பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தக் கால்களை ஆராய்ந்து, இது ஒரு பூஞ்சக்காளானின் வேலை என்று கண்டு, 1860-ல் 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். காளான் கட்டி என்று பொருள். 1874-ல் இதற்கென்றே தனிப் புத்தகமும் எழுதினார்.

இதற்கு மேல் கதை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போகிறது. பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் எனக்கு இந்தப் பகுதியில் தனி ருசி. 1894-ல் அல்ஜீரியாவில் ராணுவ மருத்துவராக இருந்த வேன்சான் என்பவர், இப்படிப்பட்ட ஒரு காலிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்து அதற்கு 'மதுரே' என்று பெயர் வைத்தார். அது பூஞ்சக்காளான் அல்ல, நூல் போல வளரும் ஒரு வகை பாக்டீரியா. 1902-ல் லாவெரான், கறுப்புக் குருணை உண்டாக்கும் பூஞ்சக்காளானை விவரித்தார். மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து 1907-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். 1905-ல் புரூம்ப் என்ற அறிஞர் அந்தப் பூஞ்சக்காளானின் பேரினத்துக்கு 'மதுரெல்லா' என்று பெயர் சூட்டினார். ஆக, கடல் கடந்த இரண்டு கிருமிகளுக்கு நம் ஜில்லாவின் பெயர். 1913-ல் பினுவா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இந்த நோய் உண்மையில் இரண்டு என்று பிரித்துக் காட்டினார். ஒன்று பூஞ்சக்காளானால் வருவது, மற்றது பாக்டீரியாவால் வருவது. இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. ஒருவருக்குக் கால் மிஞ்சுமா மிஞ்சாதா என்பது பல சமயம் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நோய் எப்படி வருகிறது? கிருமி மண்ணில் இருக்கிறது. வெறுங்காலில் நடக்கிறவருக்குக் கருவேல முள்ளோ கல்லோ தைக்கிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். உள்ளே போன கிருமி அவசரப்படாது. மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில் கழித்து, அந்த இடத்தில் கெட்டியாக ஒரு சிறு கட்டி தெரியும். வலி இருக்காது. பிறகு பாதம் வீங்கும், தோலில் சிறுசிறு வாய்கள் திறக்கும், அவற்றின் வழியாகச் சீழோடு குருணை குருணையாக ஏதோ வெளிவரும். வீக்கம், பல வாய்ப் புண், குருணை ஆகிய இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் மதுரைக் கால்தான்.

அந்தக் குருணை ஒவ்வொன்றும் கிருமிகள் கூடி வாழும் ஒரு கோட்டை. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதைச் சூழ்ந்து தாக்குகின்றன. கோட்டைச் சுவர் கெட்டியாக இருப்பதால் உள்ளே நுழைய முடிவதில்லை. முற்றுகை நீடிக்க நீடிக்கச் சுற்றிலும் தசை தடித்து வீங்குகிறது. நாம் காணும் வீக்கத்தில் பெரும்பங்கு நம் உடம்பு நடத்தும் போரால் வருவது. கிருமி மெல்ல எலும்பையும் அரிக்கிறது. ஆனால் நரம்பையும் தசைநாணையும் வெகுநாள் வரை தொடுவதில்லை. அதனால்தான் கால் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வலி குறைவு, நடக்கவும் முடிகிறது. வலித்தால் வைத்தியரிடம் ஓடியிருப்பார்கள். வலிக்காததுதான் இந்த நோயின் சூழ்ச்சி.

நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நாளில், கிஸ்தி வசூல் கணக்கோடு வரும் தலையாரி ஒருவருக்கு இடது பாதம் இப்படி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் ஆனைக்கால் என்றார்கள். சிலர் குஷ்டம் என்று சந்தேகப்பட்டு, அவர் குடித்த டம்ளரைத் தனியே வைத்தார்கள். அவரும் கூச்சப்பட்டுப் பழந்துணியைச் சுற்றிக்கொண்டே நடந்தார். "நோவு இல்லீங்க சாமி, அதுபாட்டுக்கு இருக்கு" என்பார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலும்பு முழுவதும் போய்விட்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நடந்தே பிழைத்த மனிதருக்கு அதன் பிறகு வேலை ஏது?

இது ஆனைக்காலும் அல்ல, குஷ்டமும் அல்ல. ஆனைக்கால் கொசு கடித்து, நூல் போன்ற புழுவால் வருவது. மதுரைக் கால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதே இல்லை. தனி டம்ளர் வைத்தது முழு அநியாயம்.

இது யாருக்கு வந்தது என்று பார்த்தால் நம் பக்கத்துச் சரித்திரமே தெரியும். வயக்காட்டில் வேலை செய்தவர், ஆடு மாடு மேய்த்தவர், விறகு சுமந்தவர். திண்டுக்கல் தோலுக்குப் பேர்போன ஊர். பேகம்பூர்ப் பக்கம் போனால் தோல் ஷாப்பின் வாடை மூக்கைத் துளைக்கும். பதனிட்ட தோல் கப்பலேறிச் சீமைக்குப் போனது. அதைச் சுற்றியிருந்த கிராமங்களில் உழுதவர் காலில் செருப்பு இல்லை. வாங்கப் பணம் இல்லாதது ஒரு காரணம். செருப்பு இருந்தாலும் மேல்தெரு வழியாகப் போகும்போது கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஊர்க் கட்டுப்பாடு சிலருக்கு இருந்தது. கில் துரை கண்ட கால்களில் அப்படிப்பட்டவர்களின் கால்கள் எத்தனையோ! மண்ணில் கிருமி இருந்தது உண்மை. அந்த மண்ணுக்கும் காலுக்கும் நடுவே ஒரு துண்டுத் தோலை விடாமல் வைத்தவர்கள் மனிதர்கள்.

இனி, முன்னே சொன்ன இரண்டு பிரிவுக்கு வருகிறேன். நோய் பாக்டீரியாவால் வந்தது என்றால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். பல மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், ஆனால் பெரும்பாலோருக்குக் கால் தப்பிவிடும். தென்னிந்தியாவில் இந்த வகைதான் அதிகம் என்பது நமக்கு ஓர் ஆறுதல். பூஞ்சக்காளானால் வந்தது பிடிவாதமானது. மருந்தும் நெடுநாள், கூடவே கத்தியும் வேண்டியிருக்கும். குருணை கறுப்பாக இருந்தால் பூஞ்சக்காளான், சிவப்பாக இருந்தால் பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். ஆகவே புண்ணில் குருணை வந்தால் துடைத்து எறியாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே போய்விட்டால் எந்த வகையானாலும் நல்லது.

2016-ல்தான் உலக சுகாதார அமைப்பு இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருஷம் கழித்து! பணக்காரருக்கு வராத நோய்க்கு வரிசையில் அவ்வளவு பின்னால்தான் இடம்.

இன்று ஆத்தூர்ப் பக்கம் வெறுங்காலில் நடப்பவர் குறைவு. ரப்பர் செருப்பு வந்து பாதி வைத்தியத்தைச் செய்துவிட்டது. ஆனாலும் காமராஜர் அணைக்குக் கீழே வயலில் இறங்கும்போதும், கரையோரம் ஆடு ஓட்டும்போதும் செருப்பைக் கழற்றுகிறவர்கள் உண்டு. சீமைக்கருவேலமும் குறையவில்லை. உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ வேலை செய்கிறவருக்குப் பாதத்தில் வலியில்லாத கட்டி இருந்தால், "வலிக்கவில்லையே" என்று விட்டுவிடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தால் இன்னும் புண்ணியம்.